தெரிந்த இரண்டு சொற்கள்

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளை அடக்கப் போட்ட அவசரகாலமும் முடிந்து, காட்டுப் பக்கம் போகக்கூடாது என்ற தடைகள் நீங்கியிருந்த சமயம். நான் மலாக்கா காஜா பெராங்கில் தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்து மலாய் பேசப் பழகிவிட்ட ஒரு செட்டிக் குடும்பத்தின் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். தபால்காரன் வேலை.

அந்த வருடம் சைக்கிளோடு கால்வாயில் விழுந்து வலது காலை முறித்துக்கொண்டேன். மூன்று மாதம் மாவுக்கட்டு. கட்டுப் பிரித்துச் சில வாரம் கழித்து, தபால் அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி கூப்பிட்டார். உள்ளே உட்கார்ந்து கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிக்கும் இடம் ஒன்று காலியாக இருந்தது. அதில் உட்காரலாம், இல்லாவிட்டால் வெளியே சுற்றும் பழைய வேலைக்கே போகலாம்.

“கால் தாங்குமா தாங்காதான்னு ஒனக்குத்தான் தெரியும். திங்கக்கெழமை வந்து சொல்லு. ஒருதரம் சொன்னா சொன்னதுதான்,” என்றார்.

நாள் முழுக்க நாற்காலியில் உட்கார வைத்தால், மூன்றாம் நாளே பக்கத்து மேசைக்காரரோடு சண்டை போட்டுவிடும் சுபாவம் எனக்கு. வெளி வேலைதான் வேண்டும். ஆனால் படியேறும்போது அந்தக் காலில் ஒரு நடுக்கம் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. பயமாக இருந்தது.

மழை விட்ட காலைகளில் குனோங் லேடாங் மலை தூரத்தில் நீலமாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய் உச்சி வரை ஏறி அன்றே திரும்பிவிட்டால் கால் தேறிவிட்டது, இல்லாவிட்டால் நாற்காலிதான் என்று முடிவு செய்தேன். வீட்டுக்கார அம்மாள் வேண்டாம் என்று மலாயில் எவ்வளவோ சொன்னார். அந்த வீட்டில் சாமி கும்பிடுவார்கள், தமிழ் பேச வராது. நானோ ரப்பர் தோட்டத்தில் பிறந்து தமிழ்ப்பள்ளியில் படித்தவன். இரண்டு வருடம் அவர்களோடு பேசிப் பேசி மலாய் கரைத்துக் குடித்துவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு. கடைசியில் அவர் முனகிக்கொண்டே வாழையிலையில் சோறு கட்டிக் கொடுத்தார்.

விடியும் முன் கிளம்பி, தங்காக் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து மலையடிவாரத்துக்கு ஒரு லாரியில் தொற்றிக்கொண்டேன். ரப்பர் மரங்கள் முடிந்ததும் காடு தொடங்கியது. பல வருடமாக யாரும் ஏறாததால் பாதை புதர் மூடிக் கிடந்தது. முதல் இரண்டு மணி நேரம் கால் ஒழுங்காகவே உழைத்தது.

பிறகு பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று குறுகலாக, முள்ளும் கொடியுமாக மேலே ஏறியது. மற்றது அகலமாக, நல்ல சாலை போலப் போனது. அங்கே பிரம்பு வெட்ட வந்த மலாய்க்காரர் ஒருவர் சுமையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் அகலமான பாதையில் திரும்பியதும் கை காட்டித் தடுத்தார்.

“இத்து ஜாலான் மாத்தி,” என்றார்.

ஜாலான் என்றால் பாதை, மாத்தி என்றால் சாவு. இரண்டும் எனக்கு நன்றாகத் தெரிந்த சொற்கள். கொஞ்ச வருடம் முன்பு வரை அந்தக் காடுகளில் துப்பாக்கிச் சண்டை நடந்த கதைகள் ஏராளம். யாரோ செத்த பாதை, ஆவி உலவும், போகாதே என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பேய்க்குப் பயந்தால் தபால்காரன் பிழைக்க முடியுமா? எனக்குப் பயமில்லை என்று மலாயில் மார்தட்டினேன். அவர் திரும்பவும் அதையே சொன்னார். நான் சட்டைப் பையிலிருந்து திருநீறு எடுத்து நெற்றி நிறையப் பூசிக்கொண்டு நடையைக் கட்டினேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் சுகமாக நடந்தேன். பேயும் வரவில்லை, பிசாசும் வரவில்லை. வரவரப் புதர் முழங்கால் உயரத்துக்கு வந்தது. இடது காலை எடுத்து வைத்தேன். கீழே தரையில்லை.

செடி மூடிய பள்ளம் அது. இடது கால் தொடை வரை அந்தரத்தில் தொங்க, என் முழுக் கனமும் முறிந்து ஒட்டிய வலது காலில் வந்து விழுந்தது. உருண்ட கல் அடியில் மோதும் சத்தம் வெகுநேரம் கழித்துக் கேட்டது. கைக்கு ஒரு வேர் அகப்பட்டது. மடங்கிய வலது காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக உடம்பைப் பின்னால் இழுத்தேன். கால் நடுங்கியது, ஆனால் விடவில்லை. மேலே வந்து மல்லாந்து கிடந்து அழுதேன்.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை என்பதுதான் வேடிக்கை. பேய்தான் தள்ளப் பார்த்தது என்றே நினைத்தேன்.

பாதை பிரியும் இடத்துக்குத் திரும்பி வந்தால், அந்த மனிதர் அதே இடத்தில் இருந்தார். இரண்டு விரல்களை ஆள் நடப்பதுபோல மண்ணில் நடத்திக்கொண்டு போய் ஒரு கல்லில் முட்டி நிறுத்தினார். “மாத்தி,” என்றார். நாம் முட்டுச்சந்து என்பதைத்தான் அவர்கள் செத்த பாதை என்கிறார்கள். முன்பு வெட்டிய மரங்களை இழுத்து வரப் போட்ட வழி, பள்ளத்தோடு முடிந்துவிடும் என்று விளக்கினார். நாள் முழுக்க முகவரி படித்துப் பிழைப்பவன் இரண்டே சொற்களில் ஏமாந்து நின்றேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

வேலையை விட்டுவிட்டு ஏன் காத்திருந்தீர்கள் என்று கேட்டேன். ஓர் ஆள் அந்தப் பக்கம் போனதைப் பார்த்தபிறகு எழுந்து போக மனம் வரவில்லை, இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுத் தேடி வருவதாக இருந்தேன் என்றார். வாழையிலைச் சோற்றை இருவரும் பங்கிட்டுச் சாப்பிட்டோம்.

இனி உச்சிக்குப் போனால் இருட்டுவதற்குள் இறங்க முடியாது என்று சொன்னார். நானும் விடவில்லை, போகிற வரை போகிறேன் என்றேன். எங்கே திரும்ப வேண்டும், எந்தப் பாறைக்கு அப்பால் போகக்கூடாது என்று அவர் சொன்னதை, இந்த முறை நானே திருப்பிச் சொல்லிக் காட்டி, அவர் தலையாட்டிய பிறகே கிளம்பினேன். செங்குத்தான வழியில் அந்தப் பாறை வரை ஏறித் தொட்டுவிட்டு இறங்கினேன். உச்சி அதற்கும் மேலே வெகு தூரத்தில் இருந்தது.

திங்கட்கிழமை வெளி வேலைக்கே வருகிறேன் என்று சொன்னேன். மலையேறின சேதி அதற்குள் பெரிய கிராணி காதுக்கு எட்டியிருந்தது. உச்சியைத் தொட்டாயா என்று கேட்டார்.

“இல்லீங்க ஐயா. கால் தாங்கிருச்சு. புத்திதான் சறுக்கிருச்சு,” என்றேன்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அந்தக் காலோடுதான் வீடு வீடாக அலைந்தேன். தெரியாத சொல்லை எல்லோரும் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். நானோ, காதில் விழுந்தவுடனே புரிந்துவிட்ட சொல்லைத்தான் இன்றைக்கும் இன்னொரு முறை கேட்கிறேன்.