அவள் நாக்கைக் கட்டும் என்று ஜெபித்தேன்

சகோதர சகோதரிகளே, நான் நல்லவள் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. ஒரு பொறாமைக்காரியின் ஜெபத்தைக் கர்த்தர் எப்படிக் கேட்டார் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள்.

1979-ஆம் வருஷம். செகந்திராபாத்தில் எங்கள் சபையார் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷமாகக் கணக்கு டீச்சராக இருந்தேன். பி.எட். இல்லை, அதனால் டெம்பரரி. ஒரு நாள் கரஸ்பாண்டெண்ட் என்னைக் கூப்பிட்டார். "அடுத்த ஜூனுக்குள்ள பி.எட். முடிச்சிட்டு வாங்கம்மா. ஒரு பெர்மனெண்ட் போஸ்ட் இருக்கு. யாருக்கு மார்க் அதிகமோ அவங்களுக்குத்தான். அப்புறம் டெம்பரரி யாரையும் வைக்கிறதா இல்லை" என்றார். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு முப்பத்திரண்டு வயதில் கல்லூரிக்குப் போனேன்.

அதே கல்லூரியில், அதே வகுப்பில், அதே கணக்குப் பாடத்துக்கு என் கொழுந்தன் மனைவி ஸ்டெல்லாவும் சேர்ந்தாள். இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். அவளும் அந்த போஸ்டுக்கு மனுப் போடப்போவதாகச் சொன்ன அன்றே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

அவள் செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவள். தெலுங்கு தண்ணீர் மாதிரி வரும். நான் தெற்கே, தமிழ்நாட்டு நாசரேத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்து பத்து வருஷம் ஆகியும் தெலுங்கு வரவில்லை. பால்காரனிடம், மருந்துக்கடையில், ரேஷன் கடையில், எல்லா இடத்திலும் அவளே பேசிவிடுவாள். நான் வாயைத் திறப்பதற்குள், "நக்கோ அக்கா, நான் சொல்றேன்" என்பாள். நக்கோ என்றால் அந்த ஊர்ப் பேச்சில் வேண்டாம். அதற்கும் எனக்குக் கோபம்தான்.

பி.எட். என்றால் வகுப்பு நடத்திக் காட்ட வேண்டும். கல்லூரியில் எல்லாம் இங்கிலீஷ். ஆனால் பயிற்சிக்கு எங்களைப் போட்டது தெலுங்கு மீடியம் பள்ளிக்கூடத்தில். நான் பாடக்குறிப்பைத் தெலுங்கில் மனப்பாடம் செய்துகொண்டு போவேன். குறிப்புக்கு வெளியே பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்டால் தொலைந்தேன்.

நவம்பரில் ஒரு நாள் ஆறாம் வகுப்பில் பின்னம் நடத்தினேன். எங்கள் மேற்பார்வையாளர் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், என் பாடத்தைக் கவனித்து எழுத ஸ்டெல்லா. கணக்குக் கொடுத்தேன். பிள்ளைகள் அடித்துப் பிடித்துக்கொண்டு தப்புத் தப்பாகப் போட்டார்கள். 'அவசரம் இல்லை, மெதுவாகப் போடுங்கள்' என்று சொல்ல நினைத்து, "அவசரம் லேது! அவசரம் லேது!" என்று கத்தினேன்.

நாற்பது பிள்ளைகளும் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மேற்பார்வையாளரும் சிரித்துவிட்டார். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை என்று அர்த்தமாம். 'இந்தக் கணக்கு தேவையில்லை' என்று நானே சொல்லியிருக்கிறேன். நம்முடைய அவசரத்துக்கு அவர்கள் 'தொந்தர' என்பார்களாம்.

அதோடு விட்டாளா? சாப்பிடும்போது எல்லார் முன்னாலும் நடித்துக் காட்டினாள். "ஹவ் அத்தான், ஆமா, அக்கா ஒரு சத்தம் போட்டாங்க பாருங்க, பசங்க வீட்டுக்கே கிளம்பிட்டானுங்க!" என் வீட்டுக்காரருக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. அந்த மனுஷன் சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து போய்க் கை கழுவிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எல்லாரும் நோயாளிகளுக்காக ஜெபித்தார்கள். நான் முழங்கால் போட்டு என்ன கேட்டேன் தெரியுமா? "ஆண்டவரே, அவள் நாக்கைக் கட்டும். அந்த போஸ்டை எனக்குத் தாரும். அவசரம் ஆண்டவரே, அவசரம்." ஒரு நாள் அல்ல, மூன்று மாதம் இப்படிக் கேட்டேன்.

பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு வந்தது. வெளியூர்த் தேர்வாளர் நான்கு நாள் தங்குவார். ஸ்டெல்லாவுக்கு முதல் நாள், எனக்கு இரண்டாம் நாள். தேர்வு தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது அவளுக்குக் காய்ச்சல் வந்து தொண்டை வீங்கிவிட்டது. குரல் சுத்தமாகப் போய்விட்டது. நான்கு நாள் பேசவே கூடாது என்றார் டாக்டர்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். பொய் சொல்ல மாட்டேன். "ஸ்தோத்திரம்" என்றே சொன்னேன்.

அவள் என் மகளுடைய சிலேட்டை எடுத்து எழுதினாள்: "அக்கா, லெட்டர் எழுதிட்டேன். பிரின்சிபால்கிட்ட குடுங்க. கடைசி நாளுக்கு மாத்தச் சொல்லுங்க." டாக்டர் சீட்டையும் சேர்த்துக் கொடுத்தாள். லெட்டர் போய்ச் சேராவிட்டால் அவள் ஆப்சென்ட். ஒரு வருஷம் போச்சு. போஸ்ட் எனக்கு.

மறுநாள் கல்லூரிக்குப் போனேன். பிரின்சிபால் அறையை மூன்று முறை தாண்டி நடந்தேன். லெட்டரைக் கொடுக்கவில்லை. கைப்பையிலேயே திரும்பக் கொண்டுவந்தேன்.

சாயங்காலம் ஸ்டெல்லா சிலேட்டோடு எதிரே வந்து உட்கார்ந்தாள். "உங்க பாடத்தைச் சொல்லிக் காட்டுங்க" என்று எழுதினாள். சொன்னேன். தப்பு வந்தால் குச்சியால் சிலேட்டைத் தட்டினாள். சரியான தெலுங்குச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டினாள். பத்து வருஷத்தில் முதல் தடவையாக அவள் பேசாமல் நான் பேசினேன். காய்ச்சல் உடம்போடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். 'தொந்தர' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. லெட்டரை எடுத்து அவள் மடியில் போட்டேன். "ஏட்டி, நான் இதைக் கொடுக்கல. வேணும்னுதான் கொடுக்கல. உன் நாக்கைக் கட்டச் சொல்லி மூணு மாசமா ஜெபம் பண்ணினேன்" என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. குச்சியை என் மேல் எறிந்தாள். அழுதாள். சத்தமே வரவில்லை. சத்தம் இல்லாத அழுகையைப் பார்க்கிறது மாதிரி தண்டனை வேறு இல்லை. பிறகு கீழே கிடந்த குச்சியை எடுத்து எழுதினாள்: "காலையில போங்க. நீங்களே பேசுங்க."

அந்த இடத்திலேயே முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, கட்டினது போதும். அவிழ்த்துவிடும்" என்றேன். வேறு ஜெபம் வரவில்லை.

காலையில், தேர்வு தொடங்குவதற்கு முன்பே பிரின்சிபால் முன்னால் நின்றேன். அவர் தெலுங்குக்காரர், கண்டிப்பானவர். லெட்டரையும் டாக்டர் சீட்டையும் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"மார்ச்சடம் அவசரமா அம்மா?" என்று கேட்டார். மாற்றத்தான் வேண்டுமா என்று அர்த்தம்.

நவம்பராக இருந்தால் வேறு மாதிரி விளங்கியிருக்கும். அன்றைக்குச் சரியாக விளங்கியது.

"தொந்தர காது சார். அவசரம்" என்றேன். அவசரப்படுத்தவில்லை சார், தேவை. பிறகு அவளுடைய காய்ச்சல், டாக்டர் சொன்னது, லெட்டர் தாமதமானது என் குற்றம் என்பது, எல்லாவற்றையும் தெலுங்கிலேயே சொன்னேன். எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மனப்பாடம் செய்தது இல்லை. அவர் தேர்வாளரிடம் பேசி ஸ்டெல்லாவைக் கடைசி நாளில் போட்டார்.

மறுநாள் என் வகுப்பில் பிள்ளைகள் அடித்துப் பிடித்துக் கணக்குப் போட்டார்கள். "தொந்தர லேது" என்றேன். ஒருவரும் நோட்டை மூடவில்லை.

கடைசி நாளில் ஸ்டெல்லா கரகரத்த குரலில் நடத்தினாள். அந்தக் குரலிலும் என்னைவிட நன்றாகவே நடத்தினாள். இருவரும் பாஸ். அவளுக்குத்தான் மார்க் அதிகம். போஸ்ட் அவளுக்கே போயிற்று.

என் ஜெபம் கேட்கப்படவில்லை என்று நினைக்கிறீர்களா? ராமச்சந்திராபுரம் பக்கத்தில் ஒரு தெலுங்கு மீடியம் பள்ளிக்கூடத்தில் அதே ஜூனில் எனக்கு வேலை கிடைத்தது. இன்டர்வியூ முழுக்கத் தெலுங்கில். பதிலும் நானே சொன்னேன். இன்று ஒன்பது வருஷம் ஆகிறது. நான் 'அவசரம்' என்று தமிழில் கதறினேன். ஆண்டவர் அதைத் தெலுங்கில் கேட்டுக்கொண்டார். எனக்கு எது தேவையோ அதைக் கொடுத்தார்.

பொறாமை போய்விட்டதா? இல்லை. போன மாதம் ஸ்டெல்லா ஹெட்மிஸ்ட்ரஸ் ஆனாள். கேட்டதும் வயிறு எரிந்தது. ஆனால் இப்போது அதை மறைக்காமல் முழங்காலில் சொல்லிவிடுகிறேன். அவளிடமும் சொல்லிவிட்டேன். "ஐயோ அக்கா, ஜெபம் மட்டும் பண்ணிடாதீங்க, திங்கட்கிழமை அசெம்பிளியில நான் பேசணும்!" என்றாள்.

பிரியமானவர்களே, உங்கள் நெஞ்சிலும் ஒருத்தி பேர் இருக்கும். அவளைப் பற்றி உள்ளதை உள்ளபடி ஆண்டவரிடம் சொல்லுங்கள். அசிங்கமாக இருந்தாலும் சொல்லுங்கள். யார் நாக்கைக் கட்ட வேண்டும், யார் நாக்கை அவிழ்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவருக்கே தோத்திரம்.