மகள் பேரில் எழுதின வீடு

கனடாவில், அஜின்கோர்ட்டில் அந்தத் தெரு முழுக்க ஒரு காலத்தில் மாடியில்லாத செங்கல் வீடுகள்தான். கடைசிவரை நின்றது ஒன்றே ஒன்று. அதைக் கந்தப்போடியின் வீடு என்று சொல்வதும் பிழை. வீடு மகள் நிசாந்தினியின் பேரில் இருந்தது.

மட்டக்களப்பாரின் வழக்கம் அது. பெண்பிள்ளைக்குக் கலியாணம் என்றால் தாய் தகப்பன் குடியிருக்கிற வீட்டையே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். கனடாவுக்கு வந்தால் என்ன, சந்திரனுக்குப் போனால் என்ன? "வீடு எழுதாமப் புள்ளையக் குடுக்கிறதா?" என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவர் மனைவி கோணேஸ்வரி. சாகும்வரை நீங்கள் அங்கே இருக்கலாம் என்று ஒரு வரி சேர்க்கட்டுமா என்று லோயர் கேட்டார். கந்தப்போடிக்குப் பொத்துக்கொண்டு கோபம் வந்தது. "பெத்த புள்ள எங்கள வெளிய போடுமா ஐயா?" என்று எழும்பி வந்துவிட்டார். மனுசன் அந்த ஒரு வரியை எழுத விட்டிருக்கலாம்!

பிறகு சீனி வருத்தம், அந்தச் சர்க்கரை நோய், கோணேஸ்வரியின் கண்கள் இரண்டையும் கொண்டு போனது. ஆனால் அந்த வீட்டுக்குள் பார்த்தால் அவளுக்குக் கண் தெரியாது என்று ஒருவரும் நம்பமாட்டார்கள். சுவரில் விரலை வைத்துக்கொண்டு குசினிக்குப் போவாள், பருப்பு வைப்பாள், குளித்துவிட்டுத் தானே வந்து உடுப்பு மாற்றுவாள். கந்தப்போடி கதிரையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டால் போதும், ஏச்சு வாங்கியே தீருவார்.

அடுக்குமாடி கட்டுகிற கம்பனிக்காரர் வந்தபோது முதலில் விற்றவர் பக்கத்து வீட்டு மரியோ. மற்றவர்களும் ஒவ்வொருவராக விற்றுவிட்டுப் போனார்கள். இரண்டு பக்கமும் வேலி அடைத்துக் கிடங்கு தோண்டினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நிசாந்தினி வந்தாள்.

"அப்பா, நாங்க மட்டும் நிண்டு என்ன செய்யிற? பிறகு இத ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. உங்களுக்கு கொண்டோ எடுத்துத் தாறன். லிஃப்ட் இருக்கு, ஸ்னோ தள்ளத் தேவையில்ல."

"மகள், அம்மாவுக்கு இந்த வீடுதான் தெரியும்."

"பழகிருவாங்கப்பா. தெரபிஸ்ட் ஒராள் வந்து எல்லாம் காட்டித் தருவா."

பிள்ளை பொல்லாதவள் இல்லை. யோசித்துத்தான் பேசினாள். கந்தப்போடி, கோணேஸ்வரி ஏதாவது சொல்வாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளுக்குக் குடுத்த வீடு, அவள் விக்கட்டும்" என்றாள் கோணேஸ்வரி. "குடுத்துப்போட்டுக் கேள்வி கேக்கிறதா?"

மகளின் கார் போன பிறகு கந்தப்போடி வெடித்தார். "வேணாமெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அவள் விக்கமாட்டாளே!"

"அது எனக்குத் தெரியுங்க" என்றாள். "அதுதான் சொல்லல்ல."

இப்படியும் ஒரு பிடிவாதமா என்று அவருக்கு நெஞ்சு எரிந்தது. தன் வழக்கத்துக்குத் தானே காவல் நின்று தன் காலையே வெட்டிக் கொடுத்தாள். வீடு இடிபட்ட அன்று அவர் தெரு முனையில் நின்று பார்த்தார். மெஷின் வந்து ஒரு காலைப்பொழுதில் வேலையை முடித்துவிட்டது.

கொண்டோ பதினாலாம் மாடியில். வெளிச்சமான, வழுவழுப்பான வீடு. தெரபிஸ்ட் வந்தாள், கையைப் பிடித்து நடத்தினாள், போய்விட்டாள். கோணேஸ்வரி பாத்ரூமுக்குப் போகிற வழியில் இரண்டு தரம் விழுந்தாள். அதற்குப் பிறகு கந்தப்போடி கையைப் பிடித்தால் மட்டுமே எழும்பினாள். அவருக்கும் முழங்கால் நோவு. ஒவ்வொரு தரமும் ஐயோ அம்மா என்று முனகிக்கொண்டுதான் எழும்புவார். அந்த முனகல் அவள் காதில் விழாமல் இருக்குமா?

பங்குனியில் டொக்டர் கோணேஸ்வரியின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டுக் கந்தப்போடியிடம் காய்ந்து விழுந்தார். சிறுநீரகம் பழுதாகிக்கொண்டு வருகிறதாம். மனுசி தண்ணீரே குடிப்பதில்லையா என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கிளாஸ் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். அவள் உதட்டை நனைத்துக்கொண்டு திருப்பி நீட்டினாள்.

"ஏன்கா குடிக்கிறாயில்ல?"

"குடிச்சா மறுகா பாத்ரூமுக்கு உங்களத்தானே எழுப்பணும்" என்றாள்.

கந்தப்போடி கிளாஸைப் பிடித்தபடியே நின்றார். குடி என்று கெஞ்சினார், ஏசினார், அழுதும் பார்த்தார். அவள் வாயைத் திறக்கவில்லை.