கதவுக்கு வெளியே நின்றவள்

மனப்பிரமை என்று சொல்லிவிட்டுப் போங்கள். எனக்குக் கவலையில்லை. போன சித்திரையில், பட்டப்பகலில், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் என் அம்மா வீட்டில் எனக்கு நடந்தது இது.

அம்மா இறந்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. தலைமாட்டில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். "கல்நெஞ்சுக்காரி" என்று சொந்தக்காரர்கள் காதுபடவே பேசினார்கள். அழத்தான் நினைத்தேன். தொண்டை வரைக்கும் வரும். அங்கேயே யாரோ அடைத்துவிடுவார்கள். சின்ன வயசு ஞாபகமும் அப்படித்தான். பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்னால் நடந்த எதுவும் எனக்கு நினைவில்லை.

மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சேலத்தில் பிரவீனா என்ற மனநல ஆலோசகரிடம் போனேன்.

"உங்களைக் காப்பாத்தறதா நெனச்சு, உங்க மனசுலயே ஒரு பகுதி கதவைச் சாத்திட்டு நிக்குதுங்க. அதுகூடச் சண்டை போடாதீங்க. என்ன பயம்னு கேளுங்க," என்றார்.

கேட்கத்தான் அம்மா வீட்டுக்குத் தனியாகப் போனேன். வாசல் கேட்டை உள்பக்கமாகப் பூட்டினேன். வெயில் கொளுத்தியது. உள் அறையின் கதவைத் திறந்தே வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து கண்ணை மூடினேன்.

இருட்டு. அதில் ஒரு கதவு. தள்ளினேன். மறுபக்கத்திலிருந்து யாரோ திருப்பித் தள்ளினார்கள்.

எரிச்சல் பொங்கியது. ஆலோசகர் சொன்னதெல்லாம் மறந்து கத்தினேன்.

"ஆரு நீ? எதுக்கு என்னை அழ உட மாட்டீங்கறே?"

"பாப்பா... வெளிய வராத..."

சின்னப் பெண்ணின் குரல். மனசுக்குள் இல்லை. காதில் கேட்டது.

கண்ணைத் திறந்தேன்.

அறைக் கதவு சாத்தியிருந்தது.

இழுத்தேன். வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினேன். உதைத்தேன். "தொறடி!" என்று அலறினேன். கை வலித்ததுதான் மிச்சம்.

கதவின் அடியில்... இரண்டு சின்னப் பாதங்களின் நிழல்.

அசையவில்லை.

தண்ணீர் கசிந்து உள்ளே வந்தது. வெளியே மழையே இல்லை...

முடி கருகும் வாசனை...

டக்.

தாழ்ப்பாள் விலகியது.

கதவைத் திறந்தேன். யாருமில்லை. கேட் பூட்டியது பூட்டியபடி.

அன்று சாயங்காலமே அத்தை கண்ணாத்தாள் வீட்டுக்குப் போனேன். அப்பாவின் அக்கா. நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"உனக்கு மூத்தவ ஒருத்தி இருந்தா சாமி. நீ அப்பத்தான் நடக்கப் பழகியிருந்தே. மழையில கரண்டுக் கம்பி அறுந்து வாசல் தண்ணியில கெடந்துச்சு. நீ வெளிய ஓடிருவேன்னு, உன்னை உள்ள தள்ளித் தாப்பாப் போட்டுட்டு, உங்கம்மாளக் கூப்பிட அவ வாசல்ல எறங்கிட்டா..."

"ஏனுங்க அத்தை, ஒருத்தருமே எங்கிட்டச் சொல்லலீங்களே?"

"உங்கம்மா சொல்ல உடலே."

"அவ பேரு என்னங்க?"

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சுகன்யா."

இத்தனை வருடமாக எல்லோரும் என்னைக் கூப்பிடும் பெயர்.

"அவளை அடக்கம் பண்ணின மறுநாளே, உங்கம்மா உன்னைய அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சுட்டா, சாமி."

அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை.