அவரும் 'பெண்ணே' என்கிறார்

வில்லியனூரில் நல்ல மழை. பஸ் வரும்வரை பாயின் தையல் கடையில் ஒதுங்கி நிற்கிறேன். ஒரு சட்டைக்குக் காஜா எடுத்தபடியே அவர் பாடுகிறார்: "பெண்ணே, திரை விலக்கி முகம் காட்டமாட்டாயா?"

"வீட்டம்மா மேல அவ்வளவு பிரியமா பாய்?" என்கிறேன்.

பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இது அல்லாவைப் பாடறது சார். எங்க சூஃபி பாட்டுல அவனப் பொண்ணா நெனச்சும் உருகுவாங்க."

டீ கொண்டுவரும் அவர் மனைவி விடுவதாக இல்லை. "எனுக்கு ஒரு நாளாவது இப்டிப் பாடிக்கிறீங்களா?"

"உன்னத்தான் தெனம் பாக்கறனே. பாக்காத ஆளுக்குத்தான் பாட்டு."

"இன்னா பேச்சு பாரு!" டம்ளரை நங்கென்று வைத்துவிட்டு அந்த அம்மா உள்ளே போகிறார். சற்று நேரத்தில் அங்கிருந்து அடுத்த வரி கேட்கிறது. அவரும் 'பெண்ணே' என்றுதான் அழைக்கிறார்.