கிளிப் மாட்டிய பக்கம்

சாவுச் சீட்டுகளைப் படித்து முடித்த பிறகுதான் நெவேனா நூலகத்தைத் திறப்பார். எங்கள் விதின் நகரில் ஒருவர் இறந்தால் வீட்டு வாசல், மரம், பேருந்து நிறுத்தம் என்று கண்ட இடத்திலெல்லாம் படத்தோடு சீட்டு ஒட்டுவோம். நாற்பதாம் நாளுக்கும் வருட நினைவுக்கும் மறுபடி ஒட்டுவோம். நெவேனா ஒன்று விடாமல் நின்று படித்து, எந்தப் பிள்ளையின் வீட்டில் என்ன நடந்தது என்று மோப்பம் பிடித்துக்கொண்டு வருவார்.

சிறுவர் பகுதி அவர் பொறுப்பு. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கதை வேண்டுமென்றால் அலமாரியைக் கை காட்டிவிடுவார். விலங்கு, விண்வெளி, உடம்பு என்று உண்மைப் புத்தகம் கேட்டால்தான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விசாரணையைத் தொடங்குவார். "கதை கேக்குற புள்ள சும்மா கேக்குது. நெஜத்தைக் கேக்குற புள்ளைக்கு வீட்டுல என்னமோ இருக்கு" என்பது அவர் கட்சி. ஓநாய்ப் புத்தகம் கேட்ட பையனின் அம்மாவைக் காய்கறிச் சந்தையில் மடக்கித் துருவித் துருவிக் கேட்டார். பையனுக்கு ஓநாய் பிடிக்கும், அவ்வளவுதான்.

புத்தகங்களையும் நம்புவதில்லை. "நெஜம்னு அட்டையில போட்டுட்டா நெஜமாயிடுமா?" என்று கேட்டு, சந்தேகம் வரும் பக்கத்தில் ஒரு கறுப்புக் கிளிப்பை மாட்டிவிடுவார். தெரிந்தவர்களிடம் விசாரித்துத் தெளிந்த பிறகே அதைக் கழற்றுவார். தேனீ புத்தகத்தின் கிளிப், சந்தையில் தேன் விற்கும் மனிதர் சூடத்தில் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்த பிறகு கழன்றது. தன்யூப் ஆற்று மீன் புத்தகத்தின் கிளிப்புக்காகப் படகுத்துறைக் கிழவர்களோடு ஒரு மல்லுக்கட்டே நடந்தது. பிள்ளைகளுக்கு இதெல்லாம் அத்துப்படி. "எதுல கிளிப்பு ஜாஸ்தி அத்தை? அதைக் குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள். ஆனால் அவர் கழற்றாமல் கிளிப்பை யாரும் தொடக்கூடாது.

நான் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கணப்புச் சூட்டுக்காகவும் ஓசிப் பேப்பருக்காகவும் தினமும் அங்கே போய் உட்காருகிறேன். குறுக்கெழுத்தைக் கிழிப்பது நான்தான் என்பது நெவேனாவின் சந்தேகம். சத்தியமாக நான் இல்லை.

போன வாரம் மழை. நெவேனா உள்ளே வரும்போதே முகம் வெளுத்திருந்தது. என் காதருகே குனிந்து, "அண்ணே, ரலிட்சா வீட்டு வாசல்ல சீட்டு. பாதி கிழிஞ்சு கெடக்கு, படமில்ல. பேரு மட்டும் இருக்கு, அசென் போரிசோவ்" என்றார். ரலிட்சாவின் தம்பி அசென் இதயத்தில் ஓட்டையோடு சோஃபியா ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

சாயங்காலம் ரலிட்சாவே வந்தாள். ஐந்தாம் வகுப்பு. சட்டைப்பையில் சூரியகாந்தி விதை, முகத்தில் அழுத சுவடு எதுவும் இல்லை. பிள்ளைக்கு இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"அத்தை, அந்த இதயப் புத்தகம் வேணும்."

"அதை வேற யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்களே. பெங்குவின் வந்திருக்கு, பாக்குறியா?"

"நாற்காலியில, உங்க முதுகுக்குப் பின்னால இருக்கே."

நெவேனா நகரவில்லை. ரலிட்சா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க எதையும் மறைக்க மாட்டீங்களே. என் தம்பிக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

"இல்லடி கண்ணு... உங்க வாசல்ல அந்தச் சீட்டு..."

"அது தாத்தாவோடது! நாளையோட ஒரு வருஷம். நானும் அப்பாவும்தான் ஒட்டினோம்."

பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது எங்கள் வழக்கம். பெரியவரின் அப்பாவும் போரிஸ், சின்னவனின் அப்பாவும் போரிஸ். போரிசோவ் என்றால் போரிஸின் மகன், அதனால் இருவருக்கும் முழுப்பெயர் ஒன்றே. ஊருக்கே தெரிந்த சங்கதி, இந்த மோப்பக்காரிக்கும் பஸ்காரனுக்கும் மட்டும் உறைக்கவில்லை. போன உயிர் திரும்பி வந்தது எனக்கு.

நெவேனா புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே ஒரே ஒரு கிளிப். ரலிட்சா அதைத் தொடாமல் விரலால் சுட்டிக்காட்டினாள்.

"இதயத்தை நிறுத்தி வெச்சு, தெச்சுட்டு, மறுபடி ஓட விடுவாங்கன்னு இந்தப் பக்கத்துலதானே இருக்கு? நாளைக்குத் தம்பிக்கு அதைத்தான் செய்யப் போறாங்களாம். விசாரிச்சீங்களா அத்தை? நெஜமா?"

விசாரிக்கவில்லை. அது எனக்குத் தெரியும். போன மாதம்கூட, "நிறுத்தின இதயம் மறுபடி ஓடுமாமே, காதுல பூ சுத்துறான்" என்று என்னிடம் நொடித்தவர் அவர்.

நெவேனா பெண்ணின் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு கையை நீட்டி, கிளிப்பை அழுத்திக் கழற்றினார்.