சஜிதாவின் ரோசாநிறக் கோட்

2003 உயிர்த்த ஞாயிறு பூசைக்குச் சஜிதா போட்டுவந்த பஞ்சு வைத்துத் தைத்த ரோசாநிறச் சாட்டின் கோட்டைக் கண்டதும் யோசெப்பினுக்கு வயிறு எரிந்தது. சஜிதா பராமரித்த பிரெஞ்சுக் கிழவி கொடுத்தது; 1950களில் தன் கலியாணத்துக்கு வாங்கியதாம். பெண்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். லாசால் தையல் தொழிற்சாலையில் பதினான்கு வருடம் தைத்த யோசெப்பின், கோட்டின் விளிம்பைப் புரட்டினாள். ஒரு தையல்கூடக் கோணவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“பிள்ளை, இது கோட் இல்லை. வெள்ளைக்காரர் படுக்கையால எழும்பி வீட்டுக்குள்ள போடுறது,” என்றாள், எல்லோருக்கும் கேட்க.

“தெரியும் அக்கா. இவ்வளவு வடிவானதை வீட்டுக்குள்ள ஆருக்குக் காட்டுறது?”

பெண்கள் சிரித்தார்கள்.

மறுநாள் வேலை முடிந்ததும் யோசெப்பின் ரோசாநிறச் சாட்டின் வாங்கிக்கொண்டு மெட்ரோ ஏறினாள். சஜிதாவினுடையதைவிட ஒரு சாண் நீளமாகத் தைக்கவும் துணி போதும்.