பின்னால் உட்கார இடமுள்ள ஊர்

2025 பிப்ரவரி 15, சனிக்கிழமை. தைப்பூச விடுமுறை கழிந்த வார இறுதி. வழக்கம்போல விடியுமுன் எழுந்தேன். வாஷிங் மெஷினைப் போட்டுவிட்டு, என் சைக்கிளில் கிள்ளான் ஆற்றோரமாக ஒரு சுற்றுப் போய்வந்தேன். திரும்பியதும் செயினைத் துடைத்து எண்ணெய் விட்டேன். துணிகளைக் காயப்போட்டேன். மனைவி முச்சந்திக் கடையிலிருந்து நாசி லெமாக் வாங்கி வந்திருந்தாள். சனிக்கிழமைகளில் எங்களுக்கு அதுதான் பசியாறல்.

அன்று கூடுதலாக ஒரு வேலை இருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போய் ஜூன் மாதப் பயணத்துக்கு டிக்கெட் போட வேண்டும். மகள் பினாங்கில் வேலைக்குச் சேர்ந்த பிறகு நாங்கள் இருவர் மட்டும் போகும் முதல் பயணம். இரண்டு ஊர்களில் ஒன்று என்று முடிவாகியிருந்தது: கோப்பன்ஹேகன் அல்லது ஆம்ஸ்டர்டாம். இரண்டும் பைக்குக்குப் பேர்போன ஊர்கள் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். அவளும் சந்தோஷமாகச் சரி என்றிருந்தாள்.

என் மனதில் கோப்பன்ஹேகன்தான் இருந்தது. அங்கே சைக்கிள் பாதை கார் ரோட்டைவிட ஒரு படி உயரமாகத் தனியாகப் போகிறது. நிற்கப் போகிறவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு நிற்கிறார். ஆம்ஸ்டர்டாமில் குறுகிய தெருக்கள், டிராம் தண்டவாளங்கள், தண்டவாளத்தில் டயர் மாட்டி விழும் வெளியூர்க்காரர்கள். அக்டோபரிலிருந்து இரண்டு ஊர்களைப் பற்றியும் தேடித்தேடிப் படித்துவிட்டேன். எனக்கு ஒழுங்குள்ள ஊர் வேண்டும்.

பயண முகவர் கடையில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஆம்ஸ்டர்டாமுக்கு நேர் விமானம். கோப்பன்ஹேகனுக்கு வழியில் இறங்கி ஏற வேண்டும்.

"பரவாயில்லை. கோப்பன்ஹேகனே போடுங்க" என்றேன்.

மனைவி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "ஒண்ணு கேக்கணும்மா. இவரு பி டூ லைசன்ஸ்தான் வச்சிருக்காரு. அது அங்க செல்லுமா?"

"லைசன்ஸ் எதுக்கு ஆன்டி?"

"பைக் வாடகைக்கு எடுக்கத்தான்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். "ஆன்டி, அது மிதிக்கிற பைக்லா."

மனைவி என் பக்கம் திரும்பினாள். "சைக்கிளா?"

எங்கள் வீட்டில் பைக் என்றால் மோட்டார் சைக்கிள். பி டூ அதற்கான லைசன்ஸ். காலால் மிதிப்பது சைக்கிள். நான் படித்த கட்டுரைகளிலெல்லாம் பைக் என்றே இருந்ததால் நானும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் என் அலுவலகத்துக்குப் போகும் முன், தினமும் அவளை மேருவில் அவள் வேலை செய்யும் தொழிற்சாலையில் மோட்டார் சைக்கிளில் இறக்கிவிடுகிறேன். அந்த ரோட்டில் லோரிகளுக்கு நடுவே கார் நகராது. திருமணமான நாளிலிருந்து அவள் இடம் என் பின்னால்தான். ஐரோப்பாவிலும் அப்படியே என்று நினைத்திருக்கிறாள். போன மாதம் இரண்டு ஜோடிக் கையுறை வாங்கிவந்தாள். குளிருக்கு என்று நான் எண்ணிக்கொண்டேன்.

அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஆசையும் இல்லை. ஒருமுறை மகள் சொல்லிக்கொடுக்க முயன்று, இவள் விழுந்து முழங்காலில் தையல் போட வேண்டி வந்ததோடு அது முடிந்தது.

"அப்ப நீங்க சைக்கிள்ல சுத்துங்க. நான் ரூம்ல உக்காந்து டிவி பாக்குறேன். இங்க இல்லாத டிவியா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குச் சங்கடமாக இருந்தது. கோபம் என்றால் சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும். இப்படிச் சொன்னால் அப்படியே செய்துவிடுவாள்.

முகவர்ப் பெண் இடையில் புகுந்தாள். "ஆம்ஸ்டர்டாம்ல பின்னால உக்காந்து போவாங்க ஆன்டி. கேரியர்ல, ஒரு பக்கமா காலைப் போட்டுக்கிட்டு. பெரியவங்களே போவாங்க. நானே போயிருக்கேன். ஆனா நிக்கிற சைக்கிள்ல ஏற மாட்டாங்க. ஓட்டுறவர் முதல்ல கிளம்பிருவார். நாம கூடவே ஓடிப்போய்க் குதிச்சு உக்காரணும்."

"கோப்பன்ஹேகன்ல?" என்று கேட்டேன்.

"அங்க சாதா சைக்கிள்ல ஆள் ஏத்தினா ஃபைன் போடுவாங்க அங்கிள்."

விலையை மறுநாள் மதியம்வரை பிடித்துவைப்பதாகச் சொன்னாள். வெளியே வந்தோம். மனைவி பூக்கடையில் மல்லிகை வாங்கினாள். ஸ்டேஷனுக்கு நடந்தோம்.

கொம்யூட்டர் ரயிலில் உட்கார்ந்ததும் போனில் பார்த்தேன். அந்தப் பெண் இரண்டு ஊர்களைப் பற்றியும் சொன்னது சரி. கோப்பன்ஹேகனில் முன்பக்கம் பெட்டி வைத்த மூன்று சக்கர சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிறது, பெட்டிக்குள் ஆள் உட்காரலாம் என்றும் இருந்தது. படத்தை மனைவியிடம் காட்டினேன்.

"நான் என்ன கேஸ் தோங்கா?" என்றாள்.

எங்கள் தெருவில் சமையல் கேஸ் சிலிண்டர் அப்படித்தான் வண்டிப் பெட்டியில் வரும். எதிர் சீட்டிலிருந்த ஆள் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் போனைச் சட்டைப்பையில் வைத்தேன்.

ஷா ஆலம் தாண்டிய பிறகு அவளே கேட்டாள். "அந்த இன்னொரு ஊர்ல ஓடிப்போய்த்தான் ஏறணுமா?"

"ஆமா. உன்னால முடியுமா?"

"கதவு மூடுறப்ப இந்த ரயில்ல ஓடி ஏறாதவளா நான்?"

"இது ரயில் இல்ல. ஆடும்."

"ஆடாம ஓட்டுறது உங்க வேலை."

வீடு வந்து சேரும்வரை நான் கோப்பன்ஹேகனைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். தனித்தனிப் பாதை, கை காட்டி நிற்கும் ஆட்கள். அதையெல்லாம் நான் மட்டும் பார்த்துவிட்டு, சாயங்காலம் அறைக்கு வந்து அவளிடம் சொல்ல வேண்டியிருக்கும். அப்படிச் சொல்வதை அவள் எப்படிக் கேட்பாள் என்று எனக்குத் தெரியும். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் "ஓ" என்பாள்.

சாப்பிட்டுவிட்டுத் தட்டுகளைக் கழுவும்போது, காலையில் ஏறிப் பார்த்துவிடலாம் என்றேன். அவளால் ஏற முடிந்தால் ஆம்ஸ்டர்டாம். முடியாவிட்டால் சைக்கிளை விட்டுவிட்டு இருவரும் பஸ்ஸிலும் ரயிலிலும் சுற்றலாம், எந்த ஊரானாலும் சரி. அவள் "ம்" என்றாள். என் சைக்கிளில் கேரியர் கிடையாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முதல் வேலையாக அடுத்த வீட்டுச் சீனப் பெரியவரிடம் அவருடைய சைக்கிளைக் கேட்டு வாங்கினேன். அவர் பாசாருக்குப் போய்க் காய்கறி ஏற்றிவருவது அதில்தான். பின்னால் அகலமான கேரியர். எதற்கு என்று சொன்னதும், பல் துலக்கிக்கொண்டிருந்தவர் பிரஷும் கையுமாகக் கேட் அருகில் வந்து நின்றுகொண்டார்.

தெரு காலியாக இருந்தது. நான் கிளம்பினேன். மனைவி சுடிதார் ஷாலை இடுப்பில் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே ஓடிவந்தாள். என் சட்டையைப் பிடித்தாள், ஒரு குதி, உட்கார்ந்துவிட்டாள். பாரம் விழுந்த கணத்தில் ஹேண்டில் என் கையை மீறித் திரும்பியது. காலை ஊன்றி நிறுத்தினேன்.

இரண்டாம் முறையும் அவள் சரியாகவே ஏறினாள். நான் சைக்கிளைக் கொண்டுபோய் லோங்காங் ஓரத்தில் விட்டேன். முன்சக்கரம் சாக்கடைக்குள் இறங்காமல் அவள்தான் குதித்துப் பின்னால் இழுத்துப் பிடித்தாள். பெரியவர் வாயில் நுரையோடு, "ஹாத்தி ஹாத்தி, பத்திரம்" என்று கத்தினார்.

"சனிக்கிழமை தவறாம சுத்துறீங்களே, இதுக்குத்தானா?" என்றாள் மனைவி. "எனக்கு உக்காரத் தெரியுது. உங்களுக்குத்தான் ஓட்டத் தெரியல."

உண்மைதான். சைக்கிளைத் தனியாக ஓட்டுவது மட்டுமே எனக்குப் பழக்கம்.

அவள் போனை எடுத்து முகவர்ப் பெண்ணுக்குக் குரல் பதிவு அனுப்பினாள். "ஆம்ஸ்டர்டாமே போட்டுரும்மா. ஜூனுக்குள்ள அங்கிள் கத்துக்குவாரு."

நான் சைக்கிளைத் திருப்பி, மறுபடியும் தெருமுனைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.